மேலதிகாரியின் சோதனை

விமான நிலையச் சோதனையில், அற்புதராஜின் இடுப்பிலிருந்த இன்சுலின் பம்பைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள்.

"எக்ஸ்ரே பட்டா கெட்டுப்போயிரும் தம்பி. கையால சோதிச்சுக்குங்க."

விமானம் புறப்பட அரைமணி நேரமே இருந்தது. மேலதிகாரியை அழைத்தார்கள். நாட்டின் பாதுகாப்பு மொத்தமும் தன் மீசையில் தொங்குவதுபோல் நடந்துவந்தவர், டாக்டரின் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் காதருகே குனிந்தார்.

"ஏன் சார், இது இருந்தா ஜாங்கிரி சாப்பிடலாமா?"

"அளவு பாத்து பட்டனை அமுக்கிட்டு, ஒண்ணு சாப்பிடலாம். பைக்குள்ள ஒரு டப்பா நிறைய இருக்கு."

மேலதிகாரியின் கை, தன் சட்டைப்பையிலிருந்த சர்க்கரை மாத்திரை அட்டையைத் தடவியது. பிறகு நிமிர்ந்து, கூடமே கேட்க முழங்கினார்:

"பம்ப் ஓகே. ஆனா அந்த டப்பாவ நானே தனியாச் சோதிக்கணும்!"

ஜன்னலோர இருக்கையில் அற்புதராஜ் பட்டனை அமுக்கிவிட்டு டப்பாவைத் திறந்தார். பாகு சொட்டும் ஜாங்கிரிகளுக்கு நடுவே, ஒன்றின் பாதி மட்டும் மரியாதையாகத் திரும்பி வந்திருந்தது.