ஈயம் பாய்ந்த பென்சில்

"நாற்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பென்சில்தான் குறுக்கே பாஞ்சு என் உயிரைக் காப்பாத்துச்சு!"

ஜெத்ரோ பென்சிலைத் தீவட்டி மாதிரி தூக்கிப் பிடித்தார். கடைக்கார ஓரன் அதை வாங்கி மோந்து பார்த்தான்.

"வார்னிஷ் வாசனையே இன்னும் போகலையே மாமா! போன வாரம் பொறந்த பென்சில் நாற்பது வருஷத்துக்கு முன்னாடி எப்படிப் பாஞ்சுது?"

கடை நடுவே குளிருக்கு மூட்டிய அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. டென்னசியிலேயே ஜெத்ரோவைப் போல அளக்க ஆள் கிடையாது. அவர் பிடிக்கிற மீன், ஆற்றிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முழம் வளர்ந்துவிடும். அவருடைய கோவேறு கழுதைகூட அவர் பேச்சை நம்பாது.

ஆனால் இன்றைய பேச்சு கூட்டத்துக்கானது அல்ல. கல்லா ஓரமாக நின்று பெட்டி கட்டக் கயிறு வாங்கிக்கொண்டிருந்த ஹல்டாவுக்கானது. அடுத்த பண்ணைக்காரி. பண்ணையை விற்றாயிற்று, வியாழக்கிழமை ரயிலில் டெக்ஸாஸுக்கு, தங்கை வீட்டோடு இருக்கப் போகிறாள். அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிற வார்த்தை. வாயைத் திறந்தால் வழக்கம்போல அளப்புதான் வந்தது.

"பென்சில் புதுசுதான்டா. மரம்? எங்க தாத்தா கோடாலியால பிளந்து போட்ட சீடார் கட்டை. எங்க ரெண்டு பண்ணைக்கும் நடுவுல நின்ன வேலி! காட்டுல சீடார் தீந்துபோச்சு, பழைய வேலியைக் கொடு, புதுக் கம்பி வேலி போட்டுத் தரேன்னு பென்சில் கம்பெனிக்காரன் வந்தான். கொடுத்தேன்."

"கொடுத்தே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" ஹல்டா திரும்பாமலே சொன்னாள். "சாயங்காலமானா சாஞ்சு நின்னு பேச அந்தக் கட்டை இருந்தது. முள்ளுக்கம்பியில எவ சாய்வா?"

ஜெத்ரோவுக்குச் சுருக்கென்றது. கம்பி வேலி வந்ததிலிருந்து அவள் சாயங்காலம் வெளியே வருவதே நின்றுபோயிருந்தது. பண்ணையை விற்றதும் அதற்குப் பிறகுதான்.

"அதான் நம்ம வேலியைத் தேடிக்கிட்டு பென்சில் மில்லுக்கே போனேன்! எங்கெல்லாம் போயிருக்கு தெரியுமா? நியூயார்க்ல வங்கி முதலாளி கூட்டல் போடறது நம்ம தெற்கு மூலை. ஏதோ ஒரு தேசத்து ராஜா காதுல சொருகியிருக்கறது நம்ம மாட்டுக்கொட்டாய்ப் பக்கம். மை கொட்டும், குளிர்ல உறையும். பென்சில் மழையில எழுதும், படுத்துக்கிட்டே எழுதும். தப்பா எழுதினா அழிச்சிட்டு மறுபடி எழுதலாம். மனுஷனுக்கு உண்டா அந்த வசதி?"

"ராஜா இருக்கட்டும் மாமா. இது எப்படி உங்க உயிரைக் காப்பாத்துச்சு?"

"கழிச்சுப் போட்ட குவியல்ல கிடந்தது. தடவிப் பாரு."

ஓரன் தடவினான். மரத்துக்குள் மிளகளவு சாம்பல் நிறத்தில் ஏதோ புதைந்திருந்தது.

"அட, துப்பாக்கியோட ஈய ரவை!"

"பென்சிலுக்குள்ள ஈயம்னு ஊரே சொல்லும். உள்ளே இருக்கறது கிராஃபைட் கரியும் களிமண்ணும். நெசமாவே ஈயம் பாஞ்ச பென்சில் உலகத்துலேயே இது ஒண்ணுதான்!"

"சுட்டது யாரு?"

ஜெத்ரோவின் குரல் இறங்கியது. "இவ அப்பா. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சாப்பிட வர்றேன், உங்கப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இவகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். புதுத் தொப்பி வேற. பாதையெல்லாம் சேறு, பூட்ஸ் அழுக்காகுமேன்னு கோழிக்கூண்டுப் பக்கமா வேலி ஏறப் போனேன். தலையைத் தூக்கினதுதான் தெரியும், டமால்! கட்டை வாங்கிக்கிச்சு, இல்லேன்னா என் நெத்தி. நான் கேக்கறதுக்கு முன்னாடியே பெரியவர் பதில் சொல்லிட்டாரேன்னு எடுத்தேன் ஓட்டம். கென்டக்கி எல்லையிலதான் நின்னேன். அப்புறம் வேலிக்கு இந்தப் பக்கமே நின்னு பேசிப் பேசி... காலம் போயிடுச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"பொய்!" ஹல்டா சட்டென்று திரும்பினாள். "எங்கப்பா ஈ அடிக்கவே நாலு தடவை யோசிப்பாரு. அவராவது மனுஷனைச் சுடறதாவது! அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை. வர்றேன்னு சொல்லிட்டு நீ வரலை, அவ்வளவுதான். அதுக்கு இப்ப ஒரு கதை."

"உன் மேல சத்தியமா ஹல்டா. இது ஒண்ணு மட்டும் அளப்பு இல்லை."

அவள் ஓரன் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். ரவையை நகத்தால் மெல்ல வருடினாள்.

"அந்தத் தொப்பி என்ன நிறம்?"

"செம்பட்டை. நல்ல மொசுமொசுன்னு ரோமம். ஏன்?"

ஹல்டா கயிற்றைக் கல்லாமேல் திருப்பி வைத்தாள்.

"இது வேண்டாம் ஓரன். சுருட்டி உள்ளே வை."

பென்சிலை மட்டும் விடவில்லை. நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெத்ரோவைப் பார்த்தாள்.

"நடந்ததுதான் ஜெத்ரோ. ஆனா அப்பா உள்ளே உனக்கும் ஒரு தட்டு வச்சிட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கோழி பிடிக்க நரி வந்திருக்குன்னு சுட்டது நான்."