பேய்க்கு வீடு

நிறவெறி எதிர்ப்பு நிதிக்கான ஹாலோவீன் இசை நிகழ்ச்சியில், டிராகுலா வேடமிட்ட ஏகாம்பரம் கை சிவக்கத் தட்டினார். காலையில் வீடு கேட்டு வந்த மணிப்பூர்ப் பெண் லின்தோய் வாய் திறக்குமுன்பே, முகத்தைப் பார்த்து, "வீடு போயிடுச்சு" என்று கேட்டைச் சாத்தியவர் அவர்தான். நாளை அவள் ஹாஸ்டலைக் காலிசெய்தாக வேண்டும். மேடையில் பேய் முகமூடியோடு பாடி முடித்த லின்தோய் நேராக அவரிடம் வந்தாள். அவள் பேசியது சென்னையிலேயே வளர்ந்த தமிழ்.

"அங்கிள், மாடி போர்ஷன் காலியாமே?"

"உனக்கு இல்லாததா! இருபதாயிரம் குடு போதும்."

"பதினஞ்சு. பேய்க்கு கரண்ட் செலவே கிடையாது."

கோரைப்பல்லைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், ஒத்துக்கொண்டார். சாவியை ஆட்டியபடி, "மூஞ்சியக் காட்டும்மா, யார் வீட்டுப் பொண்ணுன்னு பார்ப்போம்" என்றார்.

அவள் கையை நீட்டினாள்.

"முதல்ல சாவி."