எழுந்து போன ராவுத்தர்

“கவனிச்சீங்களாண்ணா? ராவுத்தர் மறுபடியும் எந்திரிச்சுப் போயிட்டாருங்க!”

ஆறுச்சாமி காதோடு சொன்னதும் குப்பண்ணனுக்குச் சுருக்கென்றது.

பெருமாட்டியில் அப்பாஸ் ராவுத்தரின் மளிகைக் கடை வாசலில் அன்று நிற்க இடமில்லை. பாகிஸ்தானுக்குப் போயிருந்த நம் கிரிக்கெட் அணிக்கு அது ஐந்தாவது ஆட்டம், கடைசி நாள். முந்தைய நாலும் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்திருந்தன. இதையும் தோற்காமல் முடித்துவிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பலாம்.

ரேடியோ அப்பாஸுடையது. இந்த ஆட்டங்களைக் கேட்பதற்கென்றே கோயமுத்தூர் போய் வாங்கி வந்தது. அது இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவதை, காலேஜில் படித்த ஆறுச்சாமி தமிழில் சொல்வான். கூட்டம் கைதட்டும்.

“அவங்க பேட் புடிச்சா ஒக்காந்து கேக்கறாரு. நம்மாளுக பேட் புடிச்சா உள்ள போயிடறாரு. நம்மாளுக அடிக்கறது காதுல உழுகக் கூடாதாமா?”

“சும்மா இருடா. ஏதாச்சும் சோலி இருக்கும்.”

“நம்மாளுக ஆடறப்ப மட்டும் சோலி வருதாக்கும்?”

அப்பாஸும் குப்பண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவனைப் பற்றி வேறு சமயம் யார் இப்படிப் பேசியிருந்தாலும் குப்பண்ணன் சண்டைக்குப் போயிருப்பான். ஆனால் அப்பாஸ் எழுந்து போவதைக் குப்பண்ணனும் கவனித்திருந்தான். அதுதான் வேதனை.

சட்டென்று ஆறுச்சாமி துள்ளிக் குதித்தான்.

“முடிஞ்சுதுங்க! அவங்க ஊருக்கே போயி, அஞ்சுல ஒண்ணுலயும் நாம தோக்கலை!”

கடை வாசல் அதிர்ந்தது. தோள் துண்டுகள் மேலே பறந்தன. குப்பண்ணனுக்கும் பெருமை தாங்கவில்லை. ஆனால் மனசு மட்டும் உள்ளே போன சிநேகிதனிடமே நின்றது. கேட்டுவிடுவது என்று எழுந்தான். ஆறுச்சாமியும் பின்னாலேயே வந்தான்.

கொல்லைக் கதவருகே அப்பாஸின் மனைவி கௌலத் மறித்தாள்.

“ஆட்டம் முடிஞ்சுதுங்களாண்ணா? முடியாட்டி அங்க போகாதீங்க, என்னையத்தான் பேசுவாரு.”

குப்பண்ணன் கதவைத் தள்ளினான். கொளுத்துகிற வெயிலில், கிணற்று மேட்டில் அப்பாஸ் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதையும் மூடித் தலையைச் சுற்றி ஒரு துண்டு. கண்களும் இறுக மூடியிருந்தன.

குப்பண்ணன் துண்டைப் பிடித்து இழுத்தான்.

“தோத்துட்டமா?” அப்பாஸ் பதறி எழுந்தான்.

“இல்லைடா. தோக்கலை.”

“அல்லா காப்பாத்திட்டான்!” அப்பாஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அது இருக்கட்டும். கேக்கோணும்னுதானே ரேடியோ வாங்கினே? நம்மாளுக ஆடறப்ப இங்க வந்து ஏண்டா ஒக்காந்துக்கறே?”

அப்பாஸ் வெட்கத்தோடு சிரித்தான்.

“மொத ஆட்டத்துல நம்மாளுக பேட் புடிச்சப்ப நான் ரேடியோப் பக்கத்துலதான் இருந்தேன். ஒருத்தன் பொறவால ஒருத்தன் அவுட்டு! என்ற ராசி அப்படி. அதுலிருந்து நம்மாளுக ஆடறதை நான் ஒரு நாளும் கேக்கலை. நான் கேக்காட்டிப் போகுது, நாம தோக்காம இருந்தாப் பத்தாதா?”

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாஸ் அவன் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“இனிப் பயமில்லை. சொல்லு ஆறுச்சாமி, அஞ்சு ஆட்டத்துலயும் நம்மாளுக எப்படி ஆடினாங்க? ஒண்ணு விடாமச் சொல்லு!”