வாஞ்சூர் செக்போஸ்ட்

“எம் பொண்ணு எனக்கு உசுரோட வேணும். அவனை நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கிங்க தம்பி.” சொல்லிக்கொண்டே சுமோவில் ஏறிக் கதவோரமாக உட்கார்ந்தார் பஞ்சநாதன்.

அவர் மனைவி ராஜம் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். “போவாதீங்க. அவ எங்கயோ நல்லா இருக்கட்டும், விட்டுடுங்க.”

“சும்மா இருடி” என்று அவள் கையை உதறிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

முன்சீட்டிலிருந்து செந்தில்குமார் திரும்பிச் சிரித்தான். குலமானம் காக்க என்று ஆரம்பித்த பேரவைக்குக் காரைக்கால் தலைவன் அவன்தான். சாதி விட்டு எவளாவது மனசைக் கொடுத்துவிட்டால், பெற்றவனுக்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடும்.

போலகத்துப் பஞ்சநாதனின் மகள் சிவப்ரியா, காலனிப் பையன் ஆனந்தராஜோடு நேற்று வீட்டை விட்டுப் போயிருந்தாள். அவள் படம் பேரவையின் வாட்ஸப் குழுவில் மூன்று மாவட்டம் சுற்றி, இன்று சிக்கல் கோயிலில் கல்யாணம் என்ற தகவலோடு திரும்பி வந்தது. சாதியெல்லாம் அந்தக் காலம் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்தக் குழுவில் இருந்து பார்க்க வேண்டும்.

“பெத்தவரு கூட இருந்தா போலீஸ் ஒண்ணும் கேக்காது பெரியப்பா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது” என்றான் செந்தில்குமார். “ராகுகாலம் முடிஞ்சுதான் தாலி கட்டுவானுங்க. அதுக்குள்ள போயிடலாம்.”

சாதியை மீறினவர்கள் ராகுகாலத்தை மீற மாட்டார்கள் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“பையனை என்ன செய்வீங்க?”

பின்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவன் குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த சாக்கை லேசாக விலக்கிக் காட்டினான். இரண்டு அரிவாள். புதிதாகச் சாணை பிடித்திருந்தார்கள்.

பஞ்சநாதன் அரிவாளையே பார்த்தார். “எம் பொண்ணு குறுக்க வந்தா?”

“வராம இருந்தா அவளுக்கு நல்லது” என்றான் செந்தில்குமார்.

பஞ்சநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

எல்லையோரத்து வாஞ்சூர் மதுக்கடைகள் தெரிந்ததும் அவரே வாய் திறந்தார். “நிறுத்துங்க தம்பி. காலையிலேருந்து எனக்காக அலையிறீங்க. ஒரு பெட்டியாவே வாங்கிக்கிங்க, காசு நான் தர்றேன். காரியம் முடிஞ்சதும் பசங்களுக்கு ஆவும்.”

வெற்றிலைகூடப் போடாத மனுஷன் சரக்குக்குக் காசு நீட்டினால் யாருக்குத்தான் புல்லரிக்காது? “இதான் நம்ம ரத்தம்!” என்று செந்தில்குமார் அவர் தோளைத் தட்டினான்.

“செக்போஸ்ட் இருக்குண்ணே” என்று டிரைவர் இழுத்தான். காரைக்கால் சரக்கோடு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் மாட்டினால் வண்டியே போய்விடும்.

“பேரவைக் கொடி கட்டின வண்டிடா. எவன் நிறுத்துவான்?”

பின்னால் பெட்டிக்கு இடம் இல்லை. “எங்கிட்டயே குடுங்க” என்று பஞ்சநாதன் வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார்.

செக்போஸ்ட்டில் ஒரு லாரியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் சாக்கு என்று டிரைவர் வண்டியை ஓரமாக ஒடித்து நழுவப் பார்த்தான்.

“நிறுத்துங்க தம்பி! வாந்தி வருது!”

“இங்கயா? கொஞ்சம் பொறுங்க பெரியப்பா, தாண்டிப் போயி...”

பஞ்சநாதன் பொறுக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். டிரைவர் அடித்துப் பிடித்து பிரேக் போட்டான். அவர் தடுமாறி இறங்கியதில் பெட்டி காலில் இடறி ரோட்டில் விழுந்தது. பாட்டில்கள் உடைந்து நாற்றம் செக்போஸ்ட் வரைக்கும் போனது.

“யோவ், கெடுத்தியே காரியத்தை!” என்று பல்லைக் கடித்தான் செந்தில்குமார்.

லாரியை விட்டுவிட்டு எஸ்.ஐ. இந்தப் பக்கம் வந்தார். இன்னும் பாட்டில் இருக்கிறதா என்று ஒரு காவலர் வண்டிக்குள் தலையை விட்டுத் தேடினார். சீட்டுக்கு அடியில் இருந்த சாக்கை உருவியதும், “சார், இங்க பாருங்க” என்றார். எஸ்.ஐ.யின் முகம் மாறிவிட்டது.

“எல்லாரும் கீழ இறங்குங்கடா! கையைத் தூக்கு!”

அப்போதும் செந்தில்குமார் விடவில்லை. “சார், நாங்க நல்ல காரியமாப் போறோம். காலனிக்காரன் ஒருத்தன் எங்க பொண்ணைக் கடத்திட்டுப் போயிட்டான். இவருதான் பொண்ணோட அப்பா. சொல்லுங்க பெரியப்பா, நேரமாவுது!”

எஸ்.ஐ. ரோட்டோரம் பார்த்தார். பஞ்சநாதன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரமும் அவர் வாந்தி எடுக்கவே இல்லை.

“பொண்ணைக் கடத்திட்டானாங்க?”

பஞ்சநாதன் எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டார்கள்.

“இவங்க வரமாட்டாங்க, நிதானமாத் தாலியக் கட்டுங்க மாப்ள.”