அம்பாசிடரின் பின்சக்கரம்

"இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்ணே?"

சப்ரின் இதைக் கேட்பது எத்தனையாவது தடவையோ.

மெக்கானிக் பெத்தன் நிமிரவே இல்லை. ஷெட் வாசலில் குந்தி, பின்சக்கரத்தின் டிரம்மைக் கட்டையில் வைத்து, மரை போன ஸ்டட்டு ஆணிகளைச் சுத்தியலால் அடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.

இவள் ஓர் இடத்தில் இருந்தால்தானே! உட்கார்ந்தாள், எழுந்தாள், போனைப் பார்த்தாள், திருச்சி ரோடு வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். தோளில் கிடந்த பையை மட்டும் இறக்கி வைக்கவில்லை. பாஸ்போர்ட் இருக்கிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம்தான் திருச்சியிலிருந்து விமானம். சவூதியில், தம்மாமில் நர்ஸ் வேலை, இரண்டு வருஷம். கட்டின என்னை விட்டுப் போகிறவளுக்கு இப்படியா கால் பரபரக்கும்?

போன வருஷம் நான் அங்கிருந்து வேலை போய் வெறுங்கையோடு வந்து இறங்கினேன். இப்போது அவள் போகிறாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் போகாதே என்று சொல்வது?

நேற்றுத் தெரு முழுக்க வீடு வீடாக ஏறிப் பயணம் சொல்லியும் வந்துவிட்டாள். அப்படிச் சொன்ன பிறகு மறுநாள் அதே வாசலில் போய் நின்றால் ஊர் சிரிக்கும்.

"என்ன தவ்ஹீத் பாய், இம்புட்டு முரட்டு வேலை பாத்திருக்கீக? வேற மரை நட்டைக் கொண்டுபோயி மாட்டி, ஸ்பேனருல பைப்பு போட்டுத் திருகியிருக்கீகளே. ஒரு ஸ்டட்டுகூட உருப்படியா இல்ல," என்றான் பெத்தன்.

உண்மைதான். நேற்றுப் பிரேக் பார்க்கக் கழற்றிய நட்டுகளைக் கிரீஸ் தடவிக் கொட்டாங்குச்சியில் போட்டு வண்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இருட்டிவிட்டதால் சக்கரத்தைக் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் கொட்டாங்குச்சி மட்டும் கிடக்கிறது. பூனை தட்டிவிட்டதோ என்று சாக்கடை வரை துழாவினேன்.

இவள் வாசலில் நின்று நேரமாச்சு, நேரமாச்சு என்று உயிரை எடுத்தாள்.

வந்த கடுப்பில் என்னைப் பெற்ற அத்தாவின் பழைய தகரடப்பாவைக் கவிழ்த்து, கைக்கு அகப்பட்ட நட்டுகளை முறுக்கி ஏற்றினேன். அரியக்குடி தாண்டுவதற்குள் சக்கரம் ஆட ஆரம்பித்துவிட்டது. காரைக்குடி வரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததே பெரிய பாடு.

வாடகைக் கார் சொல்லவா என்று கேட்டேன். நம்ம வண்டியில்தான் போவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அதிலும் ஒரு வீம்பு!

பெத்தன் ஒருவழியாகப் புது ஸ்டட்டுகளை இறக்கி, டிரம்மை மாட்டி, சக்கரத்தைத் தூக்கி வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டே தலையைச் சொறிந்தான்.

"ஸ்டட்டு கிடந்துச்சு, போட்டுட்டேன். இதுக்குத் தோதான நட்டு எங்கிட்ட இல்ல, மதுரையிலதான் வாங்கணும். மத்த சக்கரத்துல ஒண்ணொண்ணு கழட்டி இதுல போட்டுத் தாரேன். நாலு சக்கரமும் கொஞ்சம் கொறையாத்தான் நிக்கும். மெதுவாப் போங்க. திரும்பி வரயில ராத்திரியாயிரும், லாரி வர்ற ரோடு, பாத்து வாங்க பாய்."

"சரி, போட்டு விடு," என்றேன்.

சப்ரின் நின்றுவிட்டாள். காலையிலிருந்து அவள் அசையாமல் நின்று நான் பார்க்கவில்லை.

"திரும்பி வரயில ஒத்தையிலயா வருவீக?"

"பின்னே? நீதான் பறந்து போயிருவியே."

வேண்டுமென்றேதான் குத்தினேன். மனசு அவ்வளவு எரிந்துகொண்டிருந்தது.

அவள் தோள்பையின் ஜிப்பை இழுத்தாள். பாஸ்போர்ட்டுக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து, பெத்தனின் பக்கத்தில் வைத்து அவிழ்த்தாள்.

காலையில் காணாமல் போன அத்தனை நட்டுகளும் இருந்தன. நேற்று நான் தடவிய கிரீஸ் கைக்குட்டை முழுக்க அப்பியிருந்தது.

"நல்லா முறுக்கி விடுங்கண்ணே," என்றாள், என் பக்கம் திரும்பாமல். "இவுக ஒத்தையில வரணும்."