அப்பா விளையாட்டு

"இந்தப் பையனோட அப்பன் எவன்? ஆளை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்."

கண்ணாடிக் கதவுல மூக்கை ஒட்டிக்கிட்டு அட்மின் கேட்டார்.

அவருக்கும் பெத்தவங்க வச்ச பேர் ஒண்ணு இருக்கு. ஆனா இந்த மழலையர் பள்ளிக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எல்லாருக்கும் அவர் அட்மின்தான். கோவம் வந்தா பொண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அங்கே குடும்ப நாள். வராந்தாவுல நின்னு, பிள்ளைங்களைத் தொந்தரவு பண்ணாம, அதுங்க விளையாடறதை வேடிக்கை பார்க்கலாம். அப்புறம் கூட்டம். இந்த மாசம் கூட்டத்துல அட்மின் பேசறார். தலைப்பு, 'பிள்ளை வளர்ப்பில் அப்பாவின் பங்கு'. பேச்சை எழுதி, மடிச்சு, சட்டைப் பையில வச்சிருந்தார். முடிகூட புதுசா வெட்டியிருந்தார்.

உள்ளே ஒரு மூலையில வீடு விளையாட்டு நடந்துக்கிட்டிருந்தது. அட்மினோட பொண்ணு பொம்மைக்குத் தலை சீவிக்கிட்டிருந்தா. பக்கத்துல ரெண்டு குட்டி நாற்காலியைச் சேர்த்துப் போட்டு, கால் மேல கால் போட்டு மல்லாந்து கிடந்தான் ஒரு சுருட்டை முடிப் பையன். காதுல ஒரு மரக்கட்டை. அதுதான் போன்.

"ஆங், வந்துக்கிட்டே இருக்கேன். டிராஃபிக். ஆமா, பயங்கர டிராஃபிக்."

சொல்லிட்டு நிதானமா வயித்தைச் சொறிஞ்சான்.

வராந்தாவே குலுங்கிச் சிரிச்சுது.

பொண்ணு பொம்மையைத் தூக்கிக்கிட்டுப் போனா. "அப்பா, பாப்பா ஒரு படம் வரைஞ்சிருக்கா. பாருங்க."

"சூப்பர், சூப்பர்," பையன் கூரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "போய் அம்மாகிட்ட காட்டு. அப்பா பிஸி."

"பார்த்தீங்களா?" அட்மின் பக்கத்துல நின்ன பல் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "வீட்ல என்ன நடக்குதோ அதுதான் இங்கே வருது. படுத்துக்கிட்டே டிராஃபிக்காம். கொஞ்சம்கூட கூசலையே."

"ஆனா நல்லா நடிக்கிறான் இல்ல?"

"இது நடிப்பு இல்ல டாக்டர். பழக்கம். தினமும் பார்த்தாதான் இப்படி வரும்."

அட்மினோட பொண்டாட்டிக்கு லேசா இருமல் வந்துது.

"ஏங்க, போதும். வாங்க, போய் உட்காரலாம்."

"நீ சும்மா இரு. நம்ம பொண்ணும் இதையெல்லாம் கத்துக்கிட்டா என்ன பண்றது?"

பொண்டாட்டிக்கு இருமல் பலமாச்சு. துப்பட்டாவால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

அந்த நேரம் அட்மினோட போன் அடிச்சுது. அவரோட டைல்ஸ் கடையில யாரோ காத்துக்கிட்டிருக்காங்களாம்.

"ஆங், வந்துக்கிட்டே இருக்கேன். பாலத்துக்கிட்ட மாட்டிக்கிட்டேன்," சொல்லி வச்சுட்டு, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சார். "இப்படிப்பட்ட அப்பனுங்களாலதான் நாடே கெட்டுப் போகுது."

வகுப்பு மிஸ் கதவைத் திறந்துக்கிட்டு வெளியே வந்தாங்க. அட்மின் விடலை.

"மிஸ், அந்தச் சுருட்டை முடியை வேற வகுப்புக்கு அனுப்புங்க. திங்கட்கிழமையிலேர்ந்து அவன் என் பொண்ணு பக்கத்துல இருக்கக் கூடாது."

"சார், ரெண்டும் உயிருக்கு உயிரா பழகுதுங்க. பிரிச்சா ரெண்டும் சாப்பிடாது."

"ரெண்டு நாள் அழும், அப்புறம் மறந்துடும். நீங்க செய்யலைன்னா நான் கூட்டத்துலயே சொல்லிடுவேன். நான் சொன்னா நாலு பேர் கை தூக்குவாங்க."

தூக்குவாங்கதான். மிஸ்ஸுக்கும் அது தெரியும். முகம் வாடிப் போச்சு.

"குழந்தை சார் அவன்."

"நான் குழந்தையைச் சொல்லலையே. அவன் அப்பனைத்தான் சொல்றேன். குரூப்ல இருக்கானா அந்த ஆளு? நம்பரைக் குடுங்க, நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்."

மிஸ் அட்மினோட பொண்டாட்டியைப் பார்த்தாங்க. அவங்க சட்டுனு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

மிஸ் குரலைத் தாழ்த்தினாங்க. "அவனுக்கு அப்பா இல்லை சார். அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். வீட்ல அம்மாவும் அவனும் மட்டும்தான்."

வராந்தாவுல சிரிப்புச் சத்தம் நின்னு போச்சு. அட்மினும் ஒரு நிமிஷம் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ஆனா வாய் கேக்கலை.

"அடடா, பாவம். அப்போ இந்தக் கூத்தெல்லாம் எங்கே கத்துக்கிட்டான்? டிவியா?"

மிஸ் கொஞ்சம் தயங்கினாங்க.

"முதல் நாள் அவனை அப்பாவா இருக்கச் சொன்னோம் சார். பொம்மையைத் தோள்ல போட்டுக்கிட்டுச் சமைச்சான். ஊட்டி விட்டான். பாட்டுப் பாடித் தூங்க வச்சான். உங்க பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. 'ஐயோ, அது அம்மாடா. அப்பான்னா இப்படி'ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே படுத்துக் காட்டினா. போன்ல என்ன சொல்லணும்னும் அவதான் சொல்லிக் குடுத்தா."

பொண்டாட்டிக்கு இருமல் சுத்தமா நின்னுடுச்சு.

டைல்ஸ் கடையிலேர்ந்து மறுபடி போன் அடிச்சுது. அட்மின் எடுக்கலை. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தது.

உள்ளே சுருட்டை முடிப் பையன் காதைத் தீட்டிக் கேட்டான். அப்புறம் மரக்கட்டையை எடுத்தான்.

"ஆங், வந்துக்கிட்டே இருக்கேன்."