பத்தாவது மேற்கோள்

“என் பேரை ஏம்லே எடுத்தே?”

ஐந்தருவி இரைச்சலையும் மீறி பால்வண்ணநாதன் போட்ட சத்தத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தில்லைநாயகம் பாறையில் குப்புறப் படுத்திருந்தான். அருவிக்கரையில் கூலிக்கு எண்ணெய் தேய்க்கும் மாடன் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“வாலே பால்வண்ணம். தென்காசியில இருந்து எதுல வந்தே?”

“எதுலயோ வந்தேன். இதுக்குப் பதில் சொல்லு” என்று ஒரு தபால் கார்டை நீட்டினான் பால்வண்ணநாதன்.

இரண்டு பேரும் மெட்ராஸில் ஒன்றாக வேதியியல் ஆராய்ச்சி செய்தவர்கள். நிக்கலையும் கரிமத்தையும் பிணைத்து, உலகத்தில் எவனும் பார்க்காத பச்சைப் படிகம் ஒன்றைச் செய்துவிட்டதாக 1958-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. இப்போது ஆளுக்கொரு கல்லூரியில் வாத்தியார்.

அந்தப் பத்திரிகை இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வராது. வெளிநாட்டான் எவனாவது இவர்கள் கட்டுரையை மேற்கோள் காட்டினால், பெங்களூர் நூலகத்தில் வேலை பார்க்கும் விஸ்வேஸ்வரன் கார்டு போடுவான். நாலு வருஷத்தில் ஒன்பது மேற்கோள். பால்வண்ணநாதன் ஒன்பதையும் டைரியில் குறித்து வைத்திருந்தான். மேற்கோள் காட்டியவன் என்ன எழுதியிருக்கிறான் என்று மட்டும் கேட்டதில்லை. எண்ணிக்கை வந்தால் போதாதா?

இந்தக் கார்டில் இருந்தது இதுதான்: ‘பத்தாவது மேற்கோள் நம் தில்லையே எழுதியது. பொருளடக்கத்தில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. படிப்பதற்குள் பத்திரிகை பைண்டிங்குக்குப் போய்விட்டது.’

“அந்தப் படிகத்தைச் செஞ்சது யாரு? நீயா? மூணு மாசம் அடுப்பு முன்னால கெடந்து வெந்தவன் நான். நீ எழுதித்தான குடுத்தே?”

“ஆமா. நீதான் செஞ்சே.”

“பொறவு?”

“நீ அதைப் படிச்சியாலே?”

“படிக்கதுக்கு என்ன இருக்கு? என் பேரு இல்லை. அது போதும்லா.”

தில்லைநாயகம் பாறையில் எழுந்து உட்கார்ந்தான். அப்புறம், “பெங்களூர் இன்டர்வியூ என்னைக்கு?” என்று கேட்டான்.

“பேச்சை மாத்தாதே. வியாழக்கிழமை.”

“நல்லாப் பண்ணு.”

மாடனுக்கே பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, இங்கன நானும் என் தம்பியும்தான் தேய்க்கோம். யாரு கேட்டாலும் ரெண்டு பேரு பேரையும்தான் சொல்லுதேன்” என்றான்.

தில்லைநாயகம் எழுந்து போய் அருவியில் தலையைக் கொடுத்தான்.

“இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்லே!” என்று அந்த முதுகைப் பார்த்துக் கத்திவிட்டு பால்வண்ணநாதன் பஸ் ஏறினான்.

தில்லைநாயகம் கூட்டாளியின் உழைப்பைத் தின்றவன் என்பது சாயங்காலத்துக்குள் தென்காசியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பேருக்கு பால்வண்ணநாதன் மறுநாள் சொன்னான்.

வியாழக்கிழமை பெங்களூரில், ஆராய்ச்சிக்கூடத்தின் தேர்வுக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்கள் கட்டுரையை ஒன்பது பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்” என்றார் தலைவர்.

“ஆமாம் சார்.” பால்வண்ணநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தோம், அந்தப் படிகம் வரவில்லை என்று ஒன்பது பேரும் எழுதியிருக்கிறார்கள்.”

நிமிர்ந்தவன் நிமிர்ந்தபடியே இருந்தான்.

“பத்தாவது இது. படித்துப் பாருங்கள்.”

லண்டன் பத்திரிகையைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார். ஆசிரியருக்கு ஒரு சின்னக் கடிதம்.

‘1958-ல் புதிய சேர்மம் என்று நாங்கள் அறிவித்த பச்சைப் படிகம், சரியாகக் கழுவாமல் விட்ட சாதாரண நிக்கல் உப்புதான் என்று இப்போது தெரியவந்திருக்கிறது. அதைத் தயாரித்தவன் நான் ஒருவனே. பிழை என்னுடையது. என் நண்பருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை. தில்லைநாயகம்.’

பால்வண்ணநாதன் இரண்டு தடவை படித்தான். கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது.

“இவரும் இதே வேலைக்கு மனு போட்டிருந்தார்” என்றார் தலைவர். “இந்தக் கடிதத்தைப் பார்த்தபிறகு நாங்கள் கூப்பிடவில்லை. உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான். அந்தப் படிகத்தை அவர்தான் செய்தாரா?”

பால்வண்ணநாதன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அவரேதான் சார். நான் அந்தப் பக்கமே போகலை.”